பழைய ஹூக்டு ரக் வாங்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

மாசச்சூசெட்ஸுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், ஒரு பழம்பொருள் கடைச் சுவரில் கறுப்பு நாய் ஒன்றைப் பார்த்தேன். ஹூக்டு ரக் என்ற துணி விரிப்பில் செய்த நாய். நான்கு கால்களும் ஒரே பக்கம் வரிசையாக நின்றன. வால் உடம்பைவிட நீளம். கண்ணுக்கு மட்டும் ஒரு துளி சிவப்புக் கம்பளி. பின்னணிக்கு எடுத்த பழுப்புத் துணி பாதியில் தீர்ந்துபோக, மீதியைச் சாம்பல் நிறத்தில் முடித்திருந்தார்கள். வரையக் கற்றுக்கொள்ளாத யாரோ ஒருவர், தன் வீட்டு நாயின் மேலிருந்த பிரியத்தில், கையில் கிடைத்த கந்தல்துணியைக் கொண்டு செய்த படம். கடையை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தச் சிவப்புக் கண் என்னை விடவில்லை.

அந்த ஆசையில் நான் வாங்கிய முதல் விரிப்பு 380 டாலர். 1890-ஐ ஒட்டியது என்று சொல்லி விற்றார்கள். பிறகு தெரிந்தவரிடம் காட்டியபோது, பழசுபோல் தோன்றும்படி சாயம் ஏற்றிய புதுச் சரக்கு என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். இரண்டாவது விரிப்பு உண்மையிலேயே பழையது. அதை நானே கெடுத்தேன். எப்படி என்று கீழே சொல்கிறேன். இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்து, இந்த விரிப்புகளைப் பார்த்து மனம் நின்றுபோகிறவர்களுக்கு அந்த இரண்டு அனுபவமும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெயர் தெரியாதவர்களுக்கு: கோணித்துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பழைய கம்பளிச் சட்டை, பாவாடை, போர்வைகளைக் கீற்றாக வெட்டி, சின்னக் கொக்கியால் அடியிலிருந்து மேலே கண்ணி கண்ணியாக இழுத்துச் செய்வதுதான் ஹூக்டு ரக். முடிச்சே கிடையாது. கண்ணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால்தான் விரிப்பு நிற்கிறது. அமெரிக்காவில் மேய்ன், நியூ ஹாம்ப்ஷயர் பக்கமும், கனடாவில் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், நியூஃபவுண்ட்லாந்து பக்கமும் 19-ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு செய்த வேலை. தானியம் வந்த சாக்கைப் பிரித்து அடித்துணியாக்கிக்கொண்டார்கள். அந்தச் சாக்கின் சணல் வங்காளத்தில் விளைந்தது. நம் ஊர் அரிசிக் கடையில் அடுக்கியிருக்கும் கோணியும் இதுவும் ஒரே வகை என்பதை மனதில் வையுங்கள், கீழே பல இடங்களில் உதவும்.

கடைக்காரர்கள் ‘பிரிமிட்டிவ்’ என்று சொன்னால், பயிற்சி இல்லாத கை வரைந்தது என்று பொருள். மட்டமானது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விரிப்புகளின் உலகில் அதுதான் உயர்ந்த சொல்.

1. முதலில் கண்ணைப் பழக்குங்கள் (ஒரு மாதம், செலவு குறைவு)

காசு எடுப்பதற்கு முன் குறைந்தது முப்பது நாற்பது நல்ல விரிப்புகளையாவது நேரில் பாருங்கள். வெர்மாண்டில் ஷெல்பர்ன் மியூசியம் இருக்கிறது. இலெக்ட்ரா ஹேவ்மையர் வெப் 1947-இல் தொடங்கியது. ஹூக்டு ரக் சேகரிப்பு அருமையானது. குளிர்காலத்தில் பெரும்பாலான கட்டடங்கள் மூடியிருக்கும், கோடையில் போங்கள். நியூயார்க்கில் அமெரிக்கன் ஃபோக் ஆர்ட் மியூசியம், நுழைவு இலவசம். எந்த நேரத்தில் எந்தப் பொருள் காட்சியில் இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் இரண்டு இடத்துக்கும் முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. கனடாவில் கேப் பிரெட்டன் பக்கம் போனால் ஷெட்டிகாம்ப் ஊரில் லே த்ருவா பிஞ்ஞோன் மியூசியத்தைத் தவறவிடாதீர்கள். எலிசபெத் லஃபோர் கம்பளி நூலில் செய்த படங்கள் அங்கே இருக்கின்றன. அது பிரிமிட்டிவ் வகை அல்ல, மிக நுணுக்கமான வேலை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

பார்க்கும்போது இதைக் கவனியுங்கள்: கண்ணிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன? நல்ல பழைய விரிப்பில், பூவின் இதழைச் சுற்றிப் போன வரிசை, அப்படியே பின்னணிக்குள்ளும் அலை அலையாக விரிந்துபோகும். தண்ணீரில் கல் போட்டதுபோல் இருக்கும். செய்தவர் எங்கே யோசித்தார், எங்கே அவசரப்பட்டார், எந்தத் துணி தீர்ந்தது எல்லாம் அந்த வரிசையில் தெரியும். எனக்கு இந்த விரிப்புகளின் அழகே அதுதான்.

2. தரைக்கா, சுவருக்கா?

தரையில் போட வேண்டுமென்றால் புதிதாகச் செய்தது வாங்குங்கள். நூறு வயதான கோணித்துணியின் மேல் நடக்கக் கூடாது. பழையதென்றால் சுவருக்கு, அல்லது யாரும் ஏறி உட்காராத ஒரு பெட்டியின் மேல். இதை முடிவு செய்த பிறகு சுவரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கடையில் சின்னதாகத் தெரிவது வீட்டில் பெரிதாக இருக்கும்.

3. எங்கே தேடுவது, எப்போது

மாசச்சூசெட்ஸில் பிரிம்ஃபீல்ட் சந்தை வருடத்துக்கு மூன்று முறை கூடும்: மே, ஜூலை, செப்டம்பர். ஒவ்வொரு முறையும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாள். அது ஒரே சந்தை அல்ல, சாலையோரம் வரிசையாகப் பல மைதானங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் திறக்கும். சில மைதானங்களில் திறக்கும் அன்று நுழைவுக் கட்டணம் உண்டு. நல்ல துணிப்பொருள் வேண்டுமென்றால் செவ்வாய், புதன், வியாழன். விலை குறைய வேண்டுமென்றால் ஞாயிறு, ஆனால் அன்று மிஞ்சியிருப்பதைத்தான் பார்ப்பீர்கள். ரொக்கம் கொண்டுபோங்கள்.

மேய்னில் ரூட் 1 நெடுஞ்சாலை நெடுகிலும், முக்கியமாக வெல்ஸ் ஊர்ப் பக்கம், பழம்பொருள் கடைகள் நிறைய. குளிர்காலத்தில் பல கடைகள் மூடியிருக்கும் அல்லது வார இறுதியில் மட்டும் திறக்கும்.

ஏலத்தில் வாங்கினால் ஒரு கணக்கைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குங்கள். ஏலம் 600 டாலரில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ‘பையர்ஸ் பிரீமியம்’ என்று ஏல நிறுவனம் எடுக்கும் பங்கு 25 சதவீதம் என்றால் 150. ஆயிற்று 750. மாசச்சூசெட்ஸ் விற்பனை வரி 6.25 சதவீதம், பெரும்பாலும் பிரீமியத்தையும் சேர்த்தே போடுவார்கள்: 46 டாலர் 88 சென்ட். அனுப்பும் செலவு 60. மொத்தம் 856 டாலர் 88 சென்ட். இணையம் வழியாகக் கேட்டால் அந்தத் தளத்துக்கும் தனியாகச் சில சதவீதம் போகும். மேய்னில் வரி 5.5 சதவீதம், நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரியே இல்லை.

கடை விலைகளை நான் பார்த்த வரையில் சொல்கிறேன், உங்கள் இடத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஓரம் பிய்ந்த சின்னப் பூ விரிப்பு 75 முதல் 200 டாலர். நல்ல நிலையில் உள்ள நாய், குதிரை, கோழி என்றால் 400-இலிருந்து 1500. செய்தவர் தானே வரைந்தது, பெயரோ வருடமோ பின்னியது, நிறம் மங்காதது என்றால் ஆயிரக்கணக்கில் போகும்.

4. முகத்தை விடுங்கள், முதுகைப் பாருங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் நீட்டித்தே எழுதுகிறேன். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, விரிப்பை ஒரு மேசையில் குப்புறப் போடச் சொல்லுங்கள். சுவரில் தொங்கும் நிலையில் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்காதீர்கள். நிஜமாகவே பழையதென்றால் அதுவே கிழித்துவிடும்.

அடித்துணி எது? தளர்வாக நெய்த, பழுப்பேறிய கோணி என்றால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. கைநெசவு லினன் என்றால் அதற்கும் முந்தையதாக இருக்க வாய்ப்புண்டு, ஆனால் லினன் இன்றும் விற்கிறது என்பதால் அது மட்டும் போதாது. வெள்ளைப் பருத்தி நூல் இரண்டு இரண்டாக ஓடும், சதுரம் சதுரமான துணி என்றால் பழையதென்று நம்பாதீர்கள். பின்னால் முழுக்க ஒரு துணியை ஒட்டி மூடியிருந்தால், அது எதை மூடுகிறது என்று கேளுங்கள். என் 380 டாலர் விரிப்பில் அப்படித்தான் இருந்தது. நான் கேட்கவில்லை.

நிறம் என்ன சொல்கிறது? பழைய விரிப்பின் முகத்தில் வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் வெளுத்திருக்கும். முதுகில் அதே கீற்று அடர்த்தியாக இருக்கும். முகத்தில் வெளிர் ரோஸாகத் தெரிந்தது முதுகில் நல்ல செங்கல் சிவப்பாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேநீர்ப் பழுப்பு என்றால் சாயத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள். முகர்ந்தும் பாருங்கள். தேயிலை, காப்பி வாடை வந்தால் வேண்டாம். தூசி வாடையும், அந்துருண்டை வாடையும் பரவாயில்லை.

கீற்றின் விளிம்பைப் பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டிய கீற்று ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் ஒடுங்கியும் இருக்கும். கீற்று வெட்டும் கைமெஷின் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. எல்லாக் கீற்றும் அளவெடுத்ததுபோல் ஒரே அகலம், எல்லாக் கண்ணியும் ஒரே உயரம், வரிசைகள் பட்டாளம்போல் நேர்கோடு என்றால் சந்தேகப்படுங்கள்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பகுதியில் வில்ஃபிரட் கிரென்ஃபெல் நடத்திய மருத்துவ மிஷனுக்காகப் பெண்கள் செய்த கிரென்ஃபெல் மேட். அதில் வரிசைகள் நேராகத்தான் ஓடும், கோணியின் ஒவ்வொரு துளையிலும் கண்ணி இருக்கும், கைவைத்தால் எம்பிராய்டரிபோல் இருக்கும். பழைய பட்டு, ரேயான் காலுறைகளைச் சேகரித்து அனுப்பச் சொல்லி, அவற்றுக்குச் சாயமேற்றி வெட்டிச் செய்தது. பனிக்கரடி, நாய் இழுக்கும் சறுக்குவண்டி, பறக்கும் வாத்துகள்தான் அதிகம். பின்னால் பெரும்பாலும் மிஷனின் துணி முத்திரை தைத்திருக்கும். முத்திரை இருந்தால் விலை நன்றாக ஏறும், அதனால் அது தைத்த நூலும் பழையதுதானா என்று பாருங்கள்.

புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 365 நானோமீட்டர் என்று கேளுங்கள், 20 டாலருக்குள் கிடைக்கும். இருட்டில் முதுகுப்பக்கம் அடித்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வெள்ளைத் துணிகளில் இருக்கும் பளபளப்பு மருந்து நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். பழைய துணி மந்தமாகவே இருக்கும். ஆனால் பழைய விரிப்பை யாராவது இந்தக் காலத்து சோப்பில் துவைத்திருந்தாலும் ஒளிரும். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் பளீரென்றால் அங்கே பின்னால் ரிப்பேர் நடந்திருக்கலாம். ரிப்பேர் குற்றமல்ல, சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

கடைசியாகக் காது. ஒரு மூலையைக் காதருகே கொண்டுபோய் மிக மெதுவாக, லேசாக வளையுங்கள். சருகு மிதிபடுவதுபோல் ‘சரசர’வென்று கேட்டால், அல்லது மேசையில் பழுப்புத் தூள் உதிர்ந்தால், கோணி மட்கிவிட்டது. சணலில் மரச்சத்து அதிகம், வயதாக ஆக அமிலமேறி நொறுங்கும். மட்கிய பின் அதைத் திரும்ப உறுதியாக்க முடியாது, தாங்கு துணி கொடுத்து நிறுத்தத்தான் முடியும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் விரிப்பாக அதை வாங்காதீர்கள். பின்னால் ரப்பர் பசை பூசியதையும் வாங்காதீர்கள். உறுதிக்குப் பூசினோம் என்பார்கள். அந்தப் பசை காலப்போக்கில் இறுகி வெடித்து, கோணியையும் சேர்த்து உடைக்கும். பிரித்தெடுக்க வழியில்லை.

பின்னிய வருடத்தை அப்படியே நம்பாதீர்கள். ‘1868’ என்ற எண்களின் துணியும் சுற்றியுள்ள துணியும் ஒரே மாதிரி வெளுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஃப்ராஸ்ட்’ என்ற பெயரையும் கடைகளில் கேட்பீர்கள். மேய்னில் பிடஃபோர்ட் ஊரின் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட், தகட்டில் வெட்டிய அச்சால் கோணியில் படம் பதித்து விற்றவர். அந்தச் சிங்கங்களும் பூக்கூடைகளும் அழகானவைதான். ஆனால் ஒரே அச்சில் பல வீடுகளில் செய்தார்கள், அந்த அச்சுகளைப் பிறகும் பயன்படுத்தினார்கள். ‘ஃப்ராஸ்ட் ரக், ஒன்றே ஒன்றுதான்’ என்று யாராவது சொன்னால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

5. ரசீதில் என்ன எழுதி வாங்க வேண்டும்

‘பழைய ரக், 1’ என்று எழுதிய சீட்டு எதற்கும் உதவாது. என்னிடம் இருந்தது அதுதான், அதனால்தான் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. கடைக்காரரின் பெயர், முகவரி, தேதி, நீள அகலம், அடித்துணி (கோணி அல்லது லினன்), கீற்று (கம்பளி, பருத்தி), தோராயக் காலம், செய்த ரிப்பேர்கள், சொன்னபடி இல்லையென்றால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பது. இவ்வளவும் கையெழுத்துடன் வேண்டும். எழுதித் தரத் தயங்கினால் ‘சரி, யோசித்துச் சொல்கிறேன்’ என்று வந்துவிடுங்கள். அன்றே முகம், முதுகு, நான்கு மூலை, சேதங்கள் என்று படம் எடுத்து ரசீதோடு வையுங்கள். வீட்டுக் காப்பீட்டில் சேர்க்கவும் இவைதான் ஆதாரம்.

எல்லை தாண்டுகிறவர்களுக்கு: நூறு வயதுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்குச் சுங்கத்தில் 9706 என்று தனித் தலைப்பு உண்டு. அதில் வர வேண்டுமென்றால் வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள், அதற்கும் இந்த ரசீதுதான் உதவும். கனடாவிலிருந்து வெளியே கொண்டுவருகிறீர்கள் என்றால், 50 வயதுக்கு மேற்பட்டு, செய்தவர் உயிருடன் இல்லாத பொருள்களுக்கு, மதிப்பு ஓர் அளவைத் தாண்டினால் ஏற்றுமதி அனுமதி வேண்டியிருக்கும். சாதாரண விரிப்புக்குத் தேவைப்படாமல் போகலாம், ஆனாலும் விலை கொடுப்பதற்கு முன்பே எல்லைச் சேவை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரி விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

6. வீட்டுக்கு வந்த முதல் மூன்று வாரம்

நேராகச் சுவரில் மாட்டாதீர்கள். அந்துப்பூச்சி இருந்தால் வீட்டுக் கம்பளி, பட்டுப்புடவை வரை போகும். விரிப்பை மெல்லிய துணியோடு தளர்வாகச் சுருட்டி, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டி, பெரிய ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் விரிப்பில் இறங்கும்.

அப்புறம் தூசி. ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையில் ஒரு துண்டை விரிப்பின் மேல் வைத்து, வேக்குவத்தைக் குறைந்த வேகத்தில், வலைக்கு மேலாகப் பிடியுங்கள். சுழலும் பிரஷ் கூடவே கூடாது. உதறாதீர்கள், அடிக்காதீர்கள்.

துவைக்காதீர்கள். என் இரண்டாவது விரிப்பு ஒரு குதிரை. நீலச் சேணம், சுற்றிலும் மேப்பிள் இலை. அழுக்காக இருக்கிறதே என்று குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, துளி சோப்புப் போட்டு முக்கினேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறமாயிற்று. நனைந்த கம்பளியின் கனத்தை மட்கிய கோணி தாங்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கியபோது குதிரையின் வயிற்றுப் பகுதி அப்படியே கழன்று, கண்ணிகள் ஈரப் புழுதிபோல் தொட்டியில் விழுந்தன. யாரோ ஒருவர் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இழுத்த கண்ணிகள். அந்த நீலக் கீற்றுகளில் கொஞ்சத்தை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன். அழுக்கு உறுத்தினால் பழந்துணிப் பராமரிப்பு நிபுணரிடம் கொண்டுபோங்கள். பார்த்துச் சொல்ல சிலர் கட்டணம் வாங்குவதில்லை.

7. மாட்டுவது

ஆணி, கிளிப், சட்டத்தில் ஸ்டேப்பிள், எதுவும் வேண்டாம். முதுகில் துவைத்த பருத்தித் துணியோ லினனோ கொடுத்து, கண்ணிகளுக்கு நடுவே, நூல் தெரியாமல், விரிப்பு முழுக்கத் தளர்வாகத் தைக்க வேண்டும். கனத்தை அந்தத் துணிதான் தாங்கும். மேல் ஓரத்தில் பருத்திப் பட்டையில் தைத்த வெல்க்ரோவை வைத்து, அதன் மறுபாதியைச் சுவர்க் கட்டையில் அடித்துவிட்டால் கனம் நீளம் முழுக்கச் சமமாக விழும். எனக்குக் கை நடுங்கும் என்பதால் நிபுணரிடம் கொடுத்தேன். பிறகு வாங்கிய மூன்றடிக்கு இரண்டடி விரிப்புக்கு 340 டாலர், காத்திருந்தது நான்கு மாதம். பட்ஜெட் போடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் நேராக விழும் சுவர் கூடாது. சமையலறைக்கு எதிர்ச் சுவரும் கூடாது. தாளிக்கும் எண்ணெய்ப் புகை கம்பளியில் படிந்தால் போகாது. ஹீட்டருக்கு மேலும் கூடாது, அந்த வறண்ட சூட்டில் கோணி இன்னும் வேகமாக நொறுங்கும்.

8. சுருட்டி வைக்கும்போது

நான் ஆறு மாதம் மாட்டுகிறேன், ஆறு மாதம் சுருட்டி வைக்கிறேன். மடிக்கக் கூடாது, மடித்த கோட்டில் கோணி உடையும். அகலமான அட்டைக் குழாயின் மேல் அமிலமில்லாத தாள் சுற்றி, விரிப்பின் முகம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். நிறையப் பேர் முகத்தைப் பாதுகாக்க நினைத்து உள்ளே வைத்துச் சுருட்டுகிறார்கள். அப்போது கண்ணிகள் நசுங்கும், வெளியே வரும் கோணி இழுபட்டு வெடிக்கும்.

மேலே சுற்ற பிளாஸ்டிக் வேண்டாம். கஞ்சி போடாமல் துவைத்த பழைய பருத்தி வேட்டிதான் நான் பயன்படுத்துவது. ஊரிலிருந்து கொண்டுவந்த நாலு முழ வேட்டி, இந்த அளவு விரிப்புக்குச் சரியாக இருக்கிறது. வேட்டியின் ஓரத்தில் ஒரு பருத்தி நாடாவைத் தைத்து, அதில் நீள அகலம், வாங்கிய ஊர், தேதி, கடைசியாக ஃப்ரீசரில் வைத்த மாதம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அடுத்த முறை வெளியே எடுக்கும்போது வேட்டியை உதறி, உள்ளே பழுப்புத் தூள் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.